ஒரு மணிப் பந்தியில் டாக்டர் ஆரோக்கியமேரி

மதிப்பிற்குரிய தலைவர், அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் தணிகாசலம் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, மைக்கைப் பிடித்த இந்த ஆள் என்ன உளறி வைக்கப் போகிறானோ என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர் ஜவஹர் அவர்களே! சாந்தோம் பங்கு மக்களே! மந்தைவெளி, மாம்பலம், அடையாறு என்று திசைக்கொருவராக வந்து கூடியிருக்கும் வயிறுகளே!

வயிறுகளே என்றதும் முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தைச் சுளிக்கிறார். ஐயா, அது என் சொந்தச் சரக்கல்ல. யாருக்காக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தக் குடல்நோய் நிபுணர் டாக்டர் ஆரோக்கியமேரி அம்மையார் நம்மை அப்படித்தான் அழைத்தார். காலையில் கச்சேரி ரோட்டில் இருக்கும் தம் மருத்துவமனைக்குள் கால் வைத்ததும், "சந்திரிகா, இன்னிக்கு எத்தனை வயிறு வந்திருக்கு?" என்றுதான் உதவியாளரைக் கேட்பார். நம் முகம் அவருக்கு மறந்துபோகும். வயிறு மறக்காது. கல்யாண வீட்டில் எதிரே வந்து நின்று, "யாருன்னு தெரியலையே... ஆங், பொரியலுக்கு மேல அப்பளம் நொறுக்கித் திங்கறவரா நீங்க?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டுப் போவார்.

அந்த அம்மையார் போய்விட்டார். குடலைப் பற்றி எல்லாம் அறிந்தவரை இதயம் ஏமாற்றிவிட்டது. ஒரு வார்த்தை எச்சரிக்கை கொடுத்ததா அந்த இதயம்? பாழாய்ப்போன இதயம்! குடலாக இருந்திருந்தால் முன்கூட்டியே நாலு தரம் சத்தம் போட்டிருக்கும்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் வெங்கடரமணன். ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். நகைச்சுவை என்பது பத்திரிகை ஆசிரியரின் கருத்து. என் மனைவி ஜெயலக்ஷ்மி அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த மேடையில் டாக்டர்களுக்கு நடுவே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் அம்மையாரின் நோயாளி. அதிலும் சாதாரண நோயாளியல்ல, அவருடைய முதல் துணிச்சல்!

வாசலில் டாக்டர் ஜவஹர் என்னைத் தனியே ஒதுக்கிக்கொண்டு போனார். "சார், பெரியவங்கல்லாம் வந்திருக்காங்க. லேடீஸ் இருக்காங்க. அந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் நாசூக்கா..." என்றார்.

"எந்த விஷயம் தம்பி?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

தம்பி சிவந்துபோனார்.

அவையோரே! காவிரியைச் சொல்லாமல் தஞ்சாவூரைச் சொல்ல முடியுமா? மலத்தைச் சொல்லாமல் ஆரோக்கியமேரியைச் சொல்ல முடியுமா? சொல்லிவிட்டேன்! முன்வரிசைப் பெரியவர் இப்போது எழுந்து போவதாக இருந்தால் பின்பக்கம் காபி இருக்கிறது. ஆனால் ஒன்று. அந்த வார்த்தையைச் சொல்ல வைக்க அம்மையார் என்னிடம் பட்ட பாடு கொஞ்சமா? முதல் நாள் அவர் எதிரே உட்கார்ந்து, 'அது' என்றேன், 'போறது' என்றேன், 'வெளிக்கு' என்றேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "நீங்க எழுத்தாளர்தானே? வார்த்தை தெரியாதா? வார்த்தையைச் சொல்லவே கூச்சப்பட்டா வியாதியை எப்படிச் சொல்லுவீங்க?" என்றார். சொன்னேன். சொன்ன பிறகுதான் என் கதையைக் கேட்டார்.

அந்தக் கதை தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கதை. பறக்கும் ரயில் மயிலாப்பூருக்கு வந்திராத காலம். ரங்கநாதன் தெருவில் இடித்துக்கொண்டுதான் நடந்தோம் என்றாலும், இடித்தவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவகாசம் இருந்த காலம். எல்லோரும் அந்தச் சென்னையை நினைத்தால் கடற்கரையையும் கச்சேரியையும் நினைக்கிறார்கள். எனக்கு நினைவு வருவது கழிப்பறைகள்! என் பெருங்குடல் முழுவதும் புண். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஓட வேண்டும். லஸ்ஸிலிருந்து பாண்டி பஜார் வரை எந்த ஓட்டலில் சாப்பிடாமலே உள்ளே விடுவார்கள், எந்த ஜவுளிக் கடையில் ஒரு கைக்குட்டையாவது வாங்கினால்தான் மாடிக்கு விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த வருஷம் என் வீட்டில் சேர்ந்த கைக்குட்டைகளுக்கு ஒரு தனி பீரோ வேண்டியிருந்தது. சபாவில் ஓரத்து நாற்காலி கிடைக்காவிட்டால் கச்சேரி வேண்டாம். ஆலாபனை நீண்டால் பாடகர்மேல் எனக்குக் கொலைவெறி வரும்.

இதையெல்லாம் அந்த நாளில் பத்திரிகையில் எழுதிச் சிரிக்க வைத்தேன். எழுதாதது ஒன்று உண்டு. ரத்தம். அதை வைத்து எனக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. ஓடிய ஒவ்வொரு முறையும் ரத்தம். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். ஊசி, மாத்திரை, வீங்கிய முகம், மறுபடி ரத்தம். கடைசியில் என்னை நம் தலைவர் டாக்டர் தணிகாசலம் அவர்களிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

தலைவர் அவர்கள் நல்லவர். பரிசோதித்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்க வெங்கடரமணன். தை பொறந்தா வழி பொறக்கும்பாங்க இல்ல? உங்களுக்கு வயித்துலயே வழி பொறக்க வெச்சிடறேன்" என்றார். அதாவது பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு பையை மாட்டிவிடுவது. தைப் பொங்கல் முடிந்ததும் நாள் குறித்தாயிற்று. இதோ தலைவர் சிரிக்கிறார். அன்று நான் சிரிக்கவில்லை, ஐயா! வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். ஜெயலக்ஷ்மி தலைமாட்டில் உட்கார்ந்து, "பை இருந்தா என்னன்னா? நீங்க இருந்தாப் போறும்" என்றாள். என் எழுத்தைப் பார்த்து ஒரு நாளும் கண் கலங்காதவள் அன்று அழுதாள்.

அந்த நிலையில்தான், கடைசியாக ஒரு கருத்துக் கேட்போம் என்று ஆரோக்கியமேரி அம்மையாரிடம் போனேன். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என் வயிற்றில் வைத்தார். அந்தக் கைச்சூடு! இந்த மண்டபத்தில் எத்தனை வயிறுகளுக்கு அது ஞாபகம் இருக்கும்!

பிறகு விளக்கினார். "நம்ம குடல் இருக்கே, அது மந்தைவெளி வீடு மாதிரி. ஏகப்பட்ட போர்ஷன். கோடி கோடியா கிருமிங்க குடியிருக்கு. அதுங்க நல்லவங்க. வீட்டைப் பார்த்துக்கறவங்க. உங்க வயித்துல அவங்கல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. ரவுடிங்க வந்து உக்காந்துட்டாங்க. ஒரு நல்ல வயித்துலேர்ந்து கொஞ்சம் பேரைக் கூட்டிட்டு வந்து குடி வெச்சுப் பார்க்கலாமா?"

"எப்படிக் கூட்டிட்டு வருவீங்க?"

"அவங்க வெளில வர்ற வழி ஒண்ணுதானே இருக்கு?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, எனிமாவாக என் குடலுக்குள் செலுத்துவது. வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் இதைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறிப்புகள் வந்திருந்தனவாம். "பலிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சிதான். பலிக்கலைன்னா ஆபரேஷனுக்குப் போயிடணும், பிடிவாதம் பிடிக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல்தான் அவருடைய சொந்தக் கணக்கு வந்தது. குடி வைத்தால் மட்டும் போதுமா? அடுப்பு எரிய வேண்டாமா? வருகிற கிருமிகள் எதைத் தின்று பழகியவையோ, அதே சாப்பாடு புது வீட்டிலும் கிடைக்க வேண்டும். ஆகவே கொடுப்பவரும் வாங்குபவரும் பல வாரங்களுக்கு முன்பிருந்தே ஒரே சாப்பாடு. வகை மாறக் கூடாது, நேரம் மாறக் கூடாது. எண்ணெயில் பொரித்தது கிடையாது. மைதா, பிஸ்கட், பால், இனிப்பு கிடையாது. காபி கிடையாது. அவையோரே, மயிலாப்பூரில் வசிக்கும் ஒருவனிடம் காபி கிடையாது என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்! என்ன உண்டு? பழைய சோறு உண்டு, அதன் நீர் உண்டு. வேகவைத்த வாழைக்காய் உண்டு. அப்புறம் சுரைக்காய், பூசணிக்காய், மீண்டும் சுரைக்காய்.

இனி மலம் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே! வீட்டில் மாநாடு கூடியது. வரன் தேடுவது தோற்றது போங்கள். "நம்மவாளா இருந்தாத் தேவலை" என்றார் ஒருவர். "ஜாதகம் பார்க்கணுமா?" என்றார் இன்னொருவர். அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பதுதான் விசேஷம். எல்லோர் கண்ணும் போய் நின்ற இடம் என் அக்காவின் கணவர், ராஜகோபாலன் அத்திம்பேர்.

அத்திம்பேருக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. விடிந்ததும் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடை. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் காலைக்கடன் கடிகாரம்போல நடக்கிறது என்பதைக் குடும்பத்தின் ஒவ்வொரு கல்யாணத்திலும், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, விவரமாக அறிவிப்பவர். எத்தனையோ வருஷமாக அந்தத் திறமைக்கு ஒரு மேடை கிடைக்காமல் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வந்துவிட்டது மனுஷருக்கு. "கர்ணன் குண்டலத்தைக் குடுத்தான். நான் இதைக் குடுக்கறேன்டா" என்றார்.

ரத்தப் பரிசோதனை என்றதும் கர்ணன் நடுங்கினார். ஊசி என்றால் அவருக்குப் பயம். அம்மையார் சிரித்தார். "வாங்க சார், நானும் குத்திக்கறேன். இரண்டு பேரும் எல்லா டெஸ்ட்டும் பண்ணிக்கலாம்" என்று தம் கையை முதலில் நீட்டினார். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று வந்தது.

அதோடு ஆரம்பித்தது, ஒரு மணிப் பந்தி!

மருத்துவமனைக்குப் பின்னாலேயே அம்மையாரின் வீடு. பகல் ஒரு மணிக்கு அங்கே உணவு மேஜையில் மூன்று பேர். நான், அத்திம்பேர், அம்மையார். அவர் ஏன் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். "உங்களைத் திங்கச் சொல்றதை நான் திங்காம எப்படிச் சொல்றது? மீன் குழம்பை முழுங்கிட்டு வந்து உங்களுக்குச் சுரைக்காய் எழுதிக்குடுக்க எனக்கு வாய் வராது" என்றார். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், ஐயா! மீன் இல்லாமல் ஒரு வேளை இறங்காதவர்! எனக்காக வேளா வேளைக்கு அதே சுரைக்காயைச் சாப்பிட்டார். எந்த மருத்துவர் செய்வார்? எந்த மருத்துவர் செய்தார்?

அந்த மேஜையை நான் எப்படி மறப்பேன்! முதல் நாள் அத்திம்பேர் சொந்த இலையும் சொந்தத் தண்ணீரும் கொண்டுவந்தார். "தப்பா எடுத்துக்கப்படாது டாக்டர். பழக்கம்" என்றார். "இலையைத் திங்காம இருந்தா சரி" என்றார் அம்மையார். சாப்பாடு வந்ததும் அவர் சிலுவை போட்டுக்கொள்வார். அத்திம்பேர் இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து மந்திரம் சொல்வார். நான் சுரைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். மூன்றும் பிரார்த்தனைதான். சில நாளில் சொந்த இலை வருவது நின்றது. இன்னும் சில நாளில், "அந்த வாழைக்காயை இன்னும் ரெண்டு போடச் சொல்லுங்கோ" என்று அத்திம்பேர் சந்திரிகாவிடம் தூது விட்டார். சந்திரிகா கேட்பாளா? "இன்னா பெரியவரே, மொதோ நாளு முறைச்சிக்கினு உக்காந்தே, இப்ப ஒரே ரவுசா கீது?" என்பாள். அத்திம்பேரை அப்படிப் பேசி உயிரோடு இருந்த ஒரே பெண்மணி அவள்தான். அவருக்கு அது பிடித்தும் இருந்தது என்பதை நான் இந்த மேடையில் ரகசியமாகச் சொல்லி வைக்கிறேன்.

மார்கழி வந்தது. என் வயிறு சற்றே அடங்கியது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் காலை முதல் தானம் என்று அம்மையார் முடிவு செய்தார். ஏகாதசியின் குறுக்கே போக வேண்டாம் என்ற மரியாதை. அந்த மரியாதைதான் வினையாயிற்று.

துவாதசிக் காலை. அத்திம்பேர் குளித்து, நெற்றி பளிச்சென்று, பட்டுக்கரை வேட்டியில் வந்தார். கையில் மூடி போட்ட டப்பா. அதைத் தாம்பூலத் தட்டுபோல இரு கைகளாலும் நீட்டினார். சந்திரிகா வாங்கிப் போய்த் திறந்தாள். திரும்பி வந்து அம்மையார் காதருகில், எனக்கும் கேட்கும்படி, "இன்னாம்மா இது, வெறும் தண்ணியா கீது" என்றாள். அம்மையார் அவள் காலை மிதித்தார்.

"சார், நேத்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஏகாதசியாச்சே! துளசி தீர்த்தம்தான்" என்றார் அத்திம்பேர் பெருமையாக. "அது மட்டுமா டாக்டர்? ஒருத்தருக்குத் தானமாக் குடுக்கற வஸ்து. அழுக்கோட குடுக்கலாமோ? முந்தாநாளே விளக்கெண்ணெய் குடிச்சு வயத்தை அலம்பிண்டுட்டேன். மூலை மருந்துக் கடையில கேட்டு, கிருமியெல்லாம் சாகறதுக்கு நாலு நாளா மாத்திரையும் போட்டுண்டேன். ஒரு கிருமி இருக்காது. பரம சுத்தம்!"

"கிருமி மாத்திரை சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே சார்?"

"ஜுரம் வந்தா சாப்பிடாதேன்னேள். எனக்குத்தான் ஜுரமே வரலையே!"

அவையோரே, சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது குடலையே வாங்கப் பார்த்தது! எந்தக் கிருமிக்காக நான் வாரக்கணக்கில் சுரைக்காய் தின்றேனோ, அந்தக் கிருமியை ஒன்றுவிடாமல் கொன்று, அலம்பி, துடைத்து, டப்பாவில் கொண்டுவந்து நீட்டுகிறார் மனுஷர். உலகத்தில் வேறு எந்த ஊரில், வேறு எந்தக் குலத்தில் இப்படி ஒரு தானம் நடக்கும்!

நான் அழுவதா சிரிப்பதா என்று நின்றேன். அம்மையார் என்ன செய்தார்? திட்டினாரா? டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாரா? எழுந்து நின்று இரு கைகளையும் கூப்பினார். "ரொம்பப் பெரிய உதவி சார். வீட்டுக்குப் போய்ப் பாரணை பண்ணி விரதத்தை முடிங்க" என்று வாசல்வரை வந்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். என்னையும் ஜெயலக்ஷ்மியையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னார். அத்திம்பேரின் வயிறு பழைய நிலைக்கு வர மாதக் கணக்காகும். புதிதாக ஓர் ஆளைப் பிடித்து, சோதித்து, சாப்பாட்டுக்குப் பழக்கவும் நாள் இல்லை. பொங்கல் வந்துகொண்டிருந்தது. ஜெயலக்ஷ்மி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் குடலை நான் மனத்துக்குள் வழியனுப்ப ஆரம்பித்துவிட்டேன்.

அம்மையார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதே சாப்பாட்டை அதே நாள்லேர்ந்து சாப்பிட்ட ஆள் இந்த ஊர்ல இன்னொருத்தர் இருக்காங்க. டெஸ்ட்டும் பண்ணியாச்சு" என்றார்.

"யாரு?" என்றேன், மந்தபுத்தி.

ஜெயலக்ஷ்மிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து அவர் காலில் விழப் போனாள்.

"ஐயோ, எழுந்திருங்க! டாக்டரே நோயாளிக்குக் குடுக்கறது சரியான்னு எனக்கே தெரியலை. அதனாலதான் மறைக்காம கேக்கறேன். யாரோடதுன்னு தெரிஞ்சு சம்மதிக்கணும். வேண்டாம்னா விட்டுடலாம், ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். சம்மதம்னா ஒரே ஒரு நிபந்தனை. பெரியவர் இருக்கற வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது. பாவம், பட்டினி கிடந்து கொண்டுவந்திருக்கார்" என்றார்.

அவையோரே! நான் இத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசியவன். இந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. அத்திம்பேர் போன வருஷம் காலமாகும்வரை, கண்ட கண்ட கல்யாணத்தில் என் முதுகைத் தட்டி, "இவன் வயத்துல இருக்கறது என்னோடது!" என்று முழங்கினார். பெண் வீட்டார் திகைத்துப்போய்ப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டினேன். அம்மையாரும் எதிரே வந்தால், "பெரியவர் குடுத்து வெச்சவர்" என்பார். அக்கா, நடுவரிசையில் உட்கார்ந்திருக்கிறாய், முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே! உன் ஆத்துக்காரர் சந்தோஷமாகப் போனார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காமல் காத்தது அம்மையார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் எனிமா. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். சிரித்தால் போயிற்று! நகைச்சுவை எழுத்தாளனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். நான் சிரிக்காமல் இருக்க அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்து, உலகத்திலேயே உப்புச்சப்பில்லாத விஷயமாகத் தேடிப் பேசுவார். பங்கு ஆலயத்துப் பாடகர் குழுவில் யார் எந்தச் சுருதியில் பாடுவது என்ற சண்டை. அவர் சொல்லச் சொல்ல அதுவே எனக்குச் சிரிப்பாக வரும். "சிரிக்காதீங்க! நான் பத்தியம் இருந்து சேத்து வெச்சது!" என்று அதட்டுவார். அதற்கப்புறம் சிரிக்காமல் இருக்க முடியுமா? சந்திரிகா கதவுக்கு வெளியிலிருந்து, "சார், அடக்கிக்கினு படு சார்! அம்மா மொகத்தப் பாக்காத!" என்பாள்.

ரத்தம் குறைந்தது. ஒரு நாள் இல்லை. மறுநாளும் இல்லை. பொங்கலும் வந்தது. குறித்த நாளில் தலைவர் அவர்களிடம் போய்ப் படுத்தேன். குழாயை விட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "இது நான் பார்த்த குடல்தானா?" என்று கேட்டார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். ஐயா, இன்று வரை பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நன்றி!

இதை ஒரு அற்புதம் என்று நான் சொன்னால் அம்மையார் எழுந்து வந்து என்னை அடிப்பார். குணமாகிவிட்டது என்று ஒரு தரம் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன். "குணம்னு சொல்லாதீங்க. தணிஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்றார். எனக்குப் பின் பந்தியில் உட்கார்ந்தவர்களில் சிலருக்குத் தணிந்தது, சிலருக்குத் தணியவில்லை. தணியாதவர்களைத் தாமே கூட்டிக்கொண்டு போய்த் தலைவர் அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் பையோடு படுத்திருந்தபோது, கட்டிலருகே நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரிக் கஞ்சியை அவர்களோடு குடித்தார். தோற்ற இடத்திலும் பந்தியை விட்டு எழாதவர்!

ஒரு மருத்துவர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் விருந்து. அவர் உட்கார்ந்த மேஜைக்கு ஒருவரும் வரவில்லையாம். மறுநாள் என்னிடம், "நல்லதாப் போச்சு வெங்கடரமணன். ரொம்ப நாளைக்கப்புறம் மீன் வறுவல், பங்குக்கு ஆளே இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. இன்று இந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. அன்று அந்த மேஜையில் ஒரு நாற்காலிக்கு ஆள் இருந்திருக்கக் கூடாதா?

சரி, இனி என்ன? டாக்டர் ஜவஹர் மருத்துவமனையைத் தொடர்ந்து நடத்துவார். ஆனால் ஒரு மணிப் பந்தி? அம்மையார் மறைந்த அன்றோடு அடுப்பு அணைந்திருக்கிறது. ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்களின் மகள் முத்துலட்சுமி இங்கே வந்திருக்கிறாள். எனக்கு இருந்த அதே புண். அவளுக்குக் கொடுக்க அவள் அம்மா தயாராகிக்கொண்டிருக்கிறார். பத்தியம் பாதியில் நிற்கிறது. சற்றுமுன் அவளிடம் கேட்டேன். "வீட்ல நானும் அம்மாவும் மட்டும் தனியா உக்காந்து தின்ன தொண்டையில எறங்க மாட்டேங்குது சார். மத்தவங்கல்லாம் வேற சாப்பிடுதாங்க" என்றாள்.

ஜவஹரிடம், என்னிடமிருந்தும் யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்டேன். "நோயாளியா இருந்தவங்க குடுக்கக் கூடாது சார்" என்றார். வாஸ்தவம். என்னால் கொடுக்க முடியாது. சாப்பிட முடியும்! ஆகவே இந்த அவையின் முன் உறுதி கூறுகிறேன். நாளை பகல் ஒரு மணிக்கு அந்த மேஜையில் இலை விழும். முத்துலட்சுமியும் அவள் அம்மாவும் எந்தச் சோற்றைச் சாப்பிடுகிறார்களோ, அதே சோற்றை எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். அவளுக்குப் பின் வருகிறவர்களோடும் சாப்பிடுவேன். காபியை மறுபடி விடுகிறேன். ஜெயலக்ஷ்மி, நீ சாட்சி! நல்ல வயிறு படைத்தவர்கள் போகும்போது ஜவஹரிடம் பெயர் சொல்லிவிட்டுப் போங்கள். கூச்சப்படாதீர்கள். கண்ணைக் கொடுக்கிறோம், ரத்தத்தைக் கொடுக்கிறோம். தினமும் தூக்கி எறிவதைக் கொடுக்க என்ன தயக்கம்?

இனி மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்கிறார்கள். அம்மையாருக்கு மௌனம் ஆகாது. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "சத்தம் போடற வயிறு வேலை செய்யற வயிறு. சத்தமே இல்லைன்னாதான் எனக்குப் பயம்" என்பார். ஆகவே எழுந்து நிற்போம். வாயை மூடிக்கொள்வோம். வயிற்றை யாரும் அடக்க வேண்டாம்.

மௌனத்தின் நடுவே மேடையில் நான் நிற்கும் பக்கத்திலிருந்து ஏதாவது சத்தம் கேட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். அது நானல்ல. அம்மையார் ஏதோ சொல்கிறார்.